பேராலயத்தின் அடியில் ஒன்றரை மணி நேரம்

ரோமாபுரிக்கு யாத்திரை போகிற நம்மவர்களில் அநேகர் அர்ச். இராயப்பர் பேராலயத்தைச் சுற்றிப் பார்த்து, பூசை கண்டு, மனநிறைவோடு திரும்பி விடுகிறார்கள். அந்தப் பேராலயத்தின் தரைக்குக் கீழே ஒரு தெரு இருக்கிறதென்பதை அறிந்தவர்கள் சிலரே. அதில் நடந்து பார்த்தவர்கள் அதிலும் சிலர். தெரு என்று நாம் சொன்னது உவமைக்காக அல்ல. மெய்யாகவே அது ஒரு தெரு. இருமருங்கிலும் செங்கல்லால் கட்டிய வீடுகள் இருக்கின்றன. வாசற்படி உண்டு, சிறு ஜன்னல் உண்டு, வாசலுக்கு மேலே வீட்டுக்காரரின் பெயரைப் பொறித்த சலவைக்கல் பலகையும் உண்டு. குடியிருந்தவர்கள் மட்டும் உயிரோடு இருந்தவர்களல்ல. இது பழைய ரோமருடைய கல்லறைத் தெரு.

வாசகரே, உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ ஒருநாள் அங்கே போகும் வாய்ப்புக் கிடைக்கலாம். போகிறவர் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இராயப்பருடைய எலும்புகள் அங்கே இருக்கின்றனவா?" அந்த ஒரே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வழியில் உள்ளதையெல்லாம் கண் கொண்டு பாராமல், கடைசி மூலைக்கு எப்போது போவோம் என்றே நடந்து முடிக்கிறவர்கள் உண்டு. அப்படி நடப்பவர் மிகப் பெரிய அத்தாட்சியைக் காலால் மிதித்துக்கொண்டே அதைக் காணாமல் போகிறார். ஆகையால் போகுமுன் சில விஷயங்களைக் கற்றுக்கொள்வது நலம். போக வசதியில்லாதவரும் இவற்றை அறிந்திருப்பதில் நஷ்டமில்லை.

முதலில் நடைமுறை. அங்கே நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. வத்திக்கானின் அகழ்வு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். பன்னிரண்டு பேர் அளவுள்ள சிறு கூட்டமாக, வழிகாட்டி ஒருவரோடு அழைத்துப் போவார்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரிய பைகளும் படம் பிடிக்கும் கருவியும் உள்ளே கூடாது. பாதை குறுகலானது, காற்று வெப்பமாயும் ஈரமாயும் இருக்கும். பழைய வண்ணங்கள் கெடாதபடி ஆங்காங்கே கண்ணாடிக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று மூடிய பிறகே அடுத்தது திறக்கும். அடைபட்ட இடத்தில் மூச்சுத் திணறுகிறவர்கள் மேலேயே இருந்து ஜெபித்துக்கொள்வது நல்லது.

பேராலயத்தின் இடப்பக்கத்தில், சுவிஸ் காவலர் நிற்கும் வாசலைக் கடந்தால் அலுவலகத்தின் அருகே ஒரு சிறு முற்றம் வரும். அவசரப்படாமல் அங்கே கீழே பாருங்கள். தரையில் ஒரு கல் பதித்து அடையாளம் இட்டிருக்கும். இன்று பேராலயச் சதுக்கத்தின் நடுவில் வானளாவி நிற்கிறதே ஓர் ஒற்றைக்கல் தூண், அது பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நின்ற இடம் இதுவே. எகிப்து தேசத்தில் வெட்டப்பட்ட அந்தத் தூணைக் கலிகுலா சக்கரவர்த்தி கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான். கப்பல் ஆடாதிருக்க அடித்தட்டில் மலைபோல் பருப்பைக் கொட்டிக் கொண்டுவந்ததாகப் பிளினி என்னும் ரோம ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். 1586-ம் ஆண்டில் 5-ம் சிக்ஸ்துஸ் பாப்பரசரின் கட்டளைப்படி தொமெனிக்கோ பொந்தானா என்ற கட்டடக் கலைஞர் அதைப் பெயர்த்துச் சதுக்கத்தில் நிறுத்தினார்.

தூண் எதற்காக இங்கே நின்றது? இந்த இடம் தேர்ப் பந்தய மைதானம். கலிகுலா தொடங்கியதை நீரோ தன் விளையாட்டுக்குப் பயன்படுத்தினான். கி.பி. 64-ல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்த பின், பழி கிறிஸ்தவர்கள் மேல் சுமத்தப்பட்டது. அவர்களை நாய்களால் கிழிக்கச் செய்ததும், சிலுவையில் அறைந்ததும், இரவில் விளக்குகளாக எரித்ததும் நீரோவின் தோட்டத்திலும் பந்தய மைதானத்திலும் நடந்தன என்று, கிறிஸ்தவரை நேசியாத தாசித்துஸ் என்னும் ரோம சரித்திராசிரியரே சொல்லுகிறார். இராயப்பர் இங்கே வேதசாட்சியாய் மரித்தார் என்பது ஆதி முதல் வந்த பாரம்பரியம். ஆகவே அந்தத் தரைக் கல்லை ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இப்போது படிகளில் இறங்குகிறோம். பேராலயத்தின் தரைக்குக் கீழே பல மீட்டர் ஆழம். இறங்கியவுடன் ஒருவருக்கு வரும் நியாயமான சந்தேகம்: கல்லறைகள் பூமிக்கடியில் ஏன் தெருவாகக் கட்டப்பட்டன? அவை பூமிக்கடியில் கட்டப்படவில்லை. வெயிலும் மழையும் படும்படி வத்திக்கான் குன்றின் தென்சரிவில் திறந்த வெளியிலேயே இருந்தன. நகரத்துக்குள் பிரேதத்தைப் புதைக்கக் கூடாதென்பது ரோமருடைய பழைய சட்டம். ஆதலால் பாட்டைகளின் ஓரமாக, ஊருக்கு வெளியே, வசதியுள்ள குடும்பங்கள் கல்லறை வீடுகளைக் கட்டிக்கொண்டன. இங்கே உள்ளவை பெரும்பாலும் கி.பி. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் கட்டியவை. இருபதுக்கு மேற்பட்ட வீடுகள் இதுவரை வெளிப்பட்டிருக்கின்றன. ஆராய்ச்சி செய்தவர்கள் அவற்றுக்கு எழுத்துக்களால் பெயரிட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் கோடியில் உள்ள முதல் வீட்டின் வாசற்கல் ஒரு மரண சாசனத்தைச் சொல்லுகிறது. பொப்பிலியுஸ் ஹெராக்ளா என்பவர் தம் வாரிசுகளுக்கு எழுதிய கட்டளை அது. வத்திக்கானில், பந்தய மைதானத்தின் அருகே, உல்பியுஸ் நார்சிஸ்ஸுஸ் என்பவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கு ஒரு கல்லறை கட்ட வேண்டும். செலவு 6,000 செஸ்தெர்சு நாணயம். அதில் 3,000 ஒரு வாரிசும், 3,000 மற்ற வாரிசும் கொடுக்க வேண்டும். சொத்தை வாங்கிக்கொண்டு கல்லறையை மறந்து விடுவார்களோ என்ற பயம் அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது பாருங்கள்! அவர் அறியாமலே நமக்கு ஒரு பேருபகாரம் செய்திருக்கிறார். மைதானம் இந்தத் தெருவுக்கு அருகிலேயே இருந்ததென்பதற்கு, கிறிஸ்தவ வேதத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் சாட்சியம் அல்லவா அது!

வழியில் வலேரியுஸ் குடும்பத்தின் வீட்டைக் காட்டுவார்கள். எல்லாவற்றிலும் பெரியதும் அழகானதும் அதுவே. வெண்சுதையில் செய்த உருவங்கள் சுவர் மாடங்களில் நிற்கின்றன. அடிமையாயிருந்து விடுதலை பெற்று முன்னுக்கு வந்த வலேரியுஸ் ஹெர்மா என்பவர், தமக்கும், மனைவி பிளாவியா ஒலிம்பியாஸுக்கும், பிள்ளைகளுக்கும், தாம் விடுதலை கொடுத்த ஊழியர்களுக்கும் அதைக் கட்டினார். மகள் பன்னிரண்டு வயதில் இறந்தாள். மகன் நான்கு வயதில் இறந்தான். தகப்பன் கட்டிய மாளிகைக்குள் பிள்ளைகள் முன்னே போய்ச் சேர்ந்தார்கள்.

பல வீடுகளில் சாம்பல் தாழிகளுக்கான சிறு மாடங்கள் மேல் வரிசையிலும், முழு உடலை வைக்கும் வளைவுகள் கீழ் வரிசையிலும் இருப்பதைக் கவனியுங்கள். உடலை எரிப்பதிலிருந்து அடக்கம் செய்வதற்கு ரோமரின் வழக்கம் மாறிய காலம் அது. எகிப்தியருடைய ஹோருஸ் தேவன் சுவரில் எழுதப்பட்ட வீடும் ஒன்று உண்டு. பிப்ரவரி மாதத்தில் இறந்தவர்களுக்காகக் குடும்பங்கள் கூடி, பூச்சூட்டி, கல்லறையருகே உணவருந்துவது அந்நாள் வழக்கம். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றி, மந்திரிப்புக்குக் காத்து நிற்கிற நமக்கு இது விளங்காத காரியமல்ல.

இந்த வீடுகளின் நடுவே, சேத்தென்னியுஸ் குடும்பத்தின் அறையில், எமிலியா கொர்கோனியா என்ற இளம் மனைவியின் கல்லைத் தேடிப் பாருங்கள். இருபத்தெட்டு வயதில் இறந்தாள். அழகிலும் கற்பிலும் சிறந்தவள், சமாதானத்தில் தூங்குகிறாள் என்று கணவன் எழுதியிருக்கிறான். பக்கத்தில் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் மொள்ளுவதாகச் சிறு கீறல் சித்திரம். பழைய தேவர்களை வணங்கிய குடும்பத்தாரின் அறையிலேயே, ஒரே கூரையின் கீழ், கிறிஸ்தவப் பெண் அடக்கமாகியிருக்கிறாள். ஆதிக் கிறிஸ்தவர்கள் எப்போதும் சுரங்கத்தில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று படக்கதைகளில் படித்தவர்கள் இதைக் கண்டு சற்று யோசிக்க வேண்டும்.

இன்னும் மேற்கே போனால் மிகச் சிறிய அறை ஒன்று. யூலியுஸ் தர்ப்பெயானுஸ் என்ற, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்காகப் பெற்றோர் கட்டியது. பின்னாளில் அது கிறிஸ்தவர் கைக்கு வந்தது. கூரை முழுவதும் பொன்னிறச் சிறு கற்களைப் பதித்து, பசுமையான திராட்சைக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். நடுவே தலையைச் சுற்றிக் கதிர் வீச, வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஒருவர் எழுந்து வருகிறார். சூரிய தேவனை எழுதும் முறையிலேயே கிறிஸ்துநாதரை எழுதியிருக்கிறார்கள் என்று அறிஞர் கொள்கின்றனர். சுவரில் மீன் விழுங்கும் யோனாஸ் தீர்க்கதரிசி, தூண்டிலிடும் மீனவர், ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பர். கூரையில் ஒரு துவாரமும் தெரியும். 1574-ம் ஆண்டில் மேலே வேலை செய்தவர்கள் தற்செயலாக அதன் வழியே எட்டிப் பார்த்தார்கள்; பார்த்ததை எழுதி வைத்துவிட்டு மூடிவிட்டார்கள். அதன்பின் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொன்னிறத்தை ஒருவரும் காணவில்லை.

இனி, முதலில் நாம் சொன்ன அத்தாட்சிக்கு வருவோம். தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பல வீடுகளுக்குக் கூரை இல்லை. அவற்றின் குறுக்கே, அழகையோ ஒழுங்கையோ பாராமல், தடித்த சுவர்கள் இறங்குகின்றன. இது கான்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியின் வேலை. கி.பி. 320-ஐ ஒட்டி அவர் இங்கே முதல் பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார். காலம் எப்படித் தெரியும் என்பீர்கள். ஒரு வீட்டில் சாம்பல் தாழிக்குள்ளேயே 317-க்கும் 320-க்கும் இடையில் அடித்த நாணயம் அகப்பட்டது. அதுவரை அந்தத் தெருவில் அடக்கம் நடந்துகொண்டிருந்ததென்று தெரிகிறது அல்லவா?

ஒரு கொத்தரை அழைத்து இந்தச் சரிவைக் காட்டி, "ஐயா, இங்கே பெரிய கோவில் கட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்பார். நிலம் வடக்கிலிருந்து தெற்காகவும், மேற்கிலிருந்து கிழக்காகவும் சரிகிறது. ஒரு பக்கம் குன்றை வெட்ட வேண்டும்; மறுபக்கம் பெருஞ்சுவர் எழுப்பி மண் கொட்டி நிரப்ப வேண்டும். சில அடி தள்ளிப் போனால் பந்தய மைதானத்தின் சமதரை இருக்கிறது. போதாததற்கு இது உபயோகத்தில் இருந்த மயானம். கல்லறையைக் குலைப்பது ரோமச் சட்டத்தில் கொடிய குற்றம். இங்கே பெயர் பொறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரிலேயே இருந்திருப்பார்கள். கூரைகளை உடைத்து, தாத்தாவின் தாழிமேல் மண் கொட்டுவதை அவர்கள் சந்தோஷத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள். ரோமரின் தலைமைக் குருவென்ற பட்டத்தையும் வகித்த சக்கரவர்த்தியைத் தவிர வேறொருவர் இதற்கு உத்தரவிட்டிருக்கவும் முடியாது.

அவ்வளவு செலவும் அவ்வளவு மனக்கசப்பும் எதற்காக? அந்தச் சரிவில் ஒரு குறிப்பிட்ட புள்ளி, கோவிலின் தலைமாட்டில், தரைமட்டத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே. புள்ளியை நகர்த்தக் கூடுமாயிருந்தால் அவர் நகர்த்தியிருப்பார். குன்றைத்தான் நகர்த்தினார்.

அந்தப் புள்ளியைக் காண இன்னும் சில எட்டு நடக்க வேண்டும். தெருவின் மேற்குக் கோடியில், கல்லறை வீடுகளுக்கு நடுவே, கட்டடமில்லாத சின்னஞ்சிறு திடல் ஒன்று இருந்தது. அங்கே அடக்கமானவர்கள் ஏழைகள். ஓடுகளைச் சாய்த்து மூடிய மண் குழிகளே அவர்களுடைய கல்லறை. இந்தத் திடலின் மேற்கு எல்லையில், சிவப்புச் சாந்து பூசிய ஒரு சுவரைக் கட்டினார்கள். அதை ஒட்டிய சாக்கடையில் பதித்த ஓடுகளில், மார்க்குஸ் அவுரேலியுஸ் இளவரசராயிருந்த காலத்து முத்திரை காணப்படுகிறது. அதாவது 147-க்கும் 161-க்கும் நடுவே. அச்சுவரோடு சேர்த்து ஓர் எளிய சின்னம் எழுப்பப்பட்டது. இரண்டு சிறு தூண்கள். அவற்றின்மேல் ஒரு கற்பலகை. சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக மாடக்குழிகள். தூண்களில் ஒன்றை இன்றைக்கும் காணலாம். அதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றமடைகிறவர்கள் உண்டு. ஆம், இவ்வளவுதான். ஆனால் செஞ்சுவரின் அஸ்திவாரத்தைக் கவனியுங்கள். சின்னத்துக்கு நேர் கீழே வரும்போது, அங்கே முன்னமே இருந்த ஏதோ ஒன்றைத் தொடாமல் தப்பிக்கிறதுபோல் அது மேலே ஏறி இறங்குகிறது.

கி.பி. 200-ஐ ஒட்டி, ரோமாபுரியில் காயுஸ் என்ற குரு, புரோக்ளுஸ் என்னும் பதிதனோடு வாதாடினார். உங்கள் ஊரில் பெரியோர் கல்லறை உண்டென்றால், இங்கே வத்திக்கானிலும் ஒஸ்தியா பாட்டையிலும் அப்போஸ்தலர்களின் வெற்றிச் சின்னங்களை நான் உமக்குக் காட்டுவேன் என்ற கருத்தில் அவர் எழுதியதை யுசேபியுஸ் என்னும் ஆதித் திருச்சபைச் சரித்திராசிரியர் காப்பாற்றி வைத்திருக்கிறார். வத்திக்கானில் காயுஸ் சொன்ன சின்னம் இதுவே என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் முடிவு.

இதையெல்லாம் எப்போது கண்டுபிடித்தார்கள்? 1939 பிப்ரவரியில் 11-ம் பத்திநாதர் பாப்பரசர் காலமானார். பேராலயத்தின் கீழறையில் அவருக்கு இடம் தயார் செய்யத் தரையை வெட்டியபோது பழைய கட்டடங்கள் தட்டுப்பட்டன. புதிய பாப்பரசர் 12-ம் பத்திநாதர், அதுவரை எவரும் துணியாத காரியத்துக்கு உத்தரவு கொடுத்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், அதிக விளம்பரமில்லாமல், பேராலயத்தின் பாரம் தலைக்குமேல் நிற்க, பத்தாண்டுகள் தோண்டினார்கள். கீர்ஷ்பவும், பெர்ருவா என்ற இரு சேசுசபைக் குருக்களும், யோசி, அப்பொலோனி கெத்தி என்ற இரு அறிஞரும் ஆராய்ச்சியை நடத்தினார்கள்.

1950 டிசம்பர் 23-ம் தேதி பாப்பரசர் வானொலியில் பேசினார். அவருடைய பேச்சிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் கேள்வியை இரண்டாகப் பிரித்தார். இராயப்பரின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதா? ஆம் என்றார். அவருடைய எலும்புகள் கண்டுபிடிக்கப்பட்டனவா? கல்லறையருகே மனித எலும்புகள் அகப்பட்டன. ஆனால் அவை அப்போஸ்தலருடையவை என்று நிச்சயமாக நிரூபிக்க இயலாது என்றார். ஜூபிலி ஆண்டின் முடிவில், ஜனங்கள் என்ன கேட்க ஆசைப்பட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அளவோடு பேசினார். பின்னர் ஒரு வைத்திய நிபுணர் அந்த எலும்புகளைப் பரிசோதித்தார். ஒரே மனிதருடையவை அல்ல. ஒரு கிழவியின் எலும்பும், மிருகங்களின் எலும்புகளும் கலந்திருந்தன!

அதோடு கதை முடியவில்லை. செஞ்சுவரின் அருகே, யாத்திரிகர்கள் பெயர்களையும் கிறிஸ்துநாதரின் அடையாளத்தையும் நெருக்கமாகக் கீறிவைத்த வேறொரு சுவர் உண்டு. அதனுள் சலவைக்கல் பதித்த ஒரு குழி இருந்தது. மார்கெரீத்தா குவார்துச்சி என்னும் கல்வெட்டு நிபுணரான அம்மையார் அந்தக் கீறல்களைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அந்தக் குழியிலிருந்து எடுத்த எலும்புகள், தோண்டியவர்களுக்கே தெரியாமல், ஒரு பெட்டியில் எடுத்து வைக்கப்பட்டிருந்ததை அவர் அறிந்தார். பரிசோதித்ததில் அவை திடகாத்திரமான, அறுபதைத் தாண்டிய ஓர் ஆண்மகனுடையவை என்று தெரிந்தது. பொன்னிழை கலந்த ஊதாத் துணியின் இழைகளும் அவற்றோடு இருந்தன. செஞ்சுவரிலிருந்து விழுந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாந்துத் துண்டின் கிரேக்க எழுத்துக்களை "இராயப்பர் உள்ளே இருக்கிறார்" என்று அம்மையார் வாசித்தார். 1968 ஜூன் 26-ம் தேதி 6-ம் சின்னப்பர் பாப்பரசர், அப்போஸ்தலரின் எலும்புகள் நாம் ஏற்கத்தக்க விதத்தில் அடையாளம் காணப்பட்டன என்று அறிவித்தார்.

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சாந்துத் துண்டை முதலில் கண்டெடுத்த பெர்ருவா சுவாமியாரே, நூறு வயதைத் தாண்டி 2003-ல் மரிக்கும் வரையில், எலும்புகளைப் பற்றிய முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. எலும்பு எடுத்த முறையில் ஒழுங்கு குறைந்தது, துண்டு உடைந்திருப்பதால் வாசகம் திட்டமில்லை என்பவை தள்ளக்கூடிய ஆட்சேபங்களல்ல. 2013 நவம்பர் 24-ம் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அந்த எலும்புகளை முதன்முறையாக மக்களின் வணக்கத்துக்கு வைத்தார். 2019-ல் ஒன்பது துண்டுகளைக் கொன்ஸ்தந்தினோப்பிள் பிதாப்பிதாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வணங்குகிறவரோடு நாமும் வணங்கலாம்; ஆராய்ச்சி முடிந்துவிட்டதென்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எலும்பு ஒரு கேள்வி, கல்லறை வேறொரு கேள்வி. முன்னதில் நாளை எந்த முடிவு வந்தாலும், குன்றை வெட்டிய சுவர்களும், 160-ஐ ஒட்டிய சின்னமும், வளைந்து போகும் அஸ்திவாரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். நீரோவின் காலத்துக்கும் செஞ்சுவருக்கும் இடையில் சுமார் நூறாண்டு இருக்கிறது. பாட்டன் காட்டிய குழியைப் பேரன் தன் பேரனுக்குக் காட்டப் போதுமான காலமே அது. மறந்துபோகவும் போதுமானதுதான் என்று மறுப்பவர் சொல்வர்.

நடையின் கடைசியில், ஒருவர் பின் ஒருவராக ஒரு சிறு திறப்பின் அருகே நிற்க விடுவார்கள். கீறல் சுவரின் குழிக்குள் ஒளி ஊடுருவும் சிறு பெட்டிகள் தெரியும். அதிக நேரம் கிடைக்காது. பின்னால் இருப்பவருக்கு இடம் விட வேண்டும். சொல்ல நினைத்த ஜெபத்தை முன்னமே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேலே ஏறி, பாப்பரசர் பூசை செய்யும் பெரிய பீடத்தின் முன் போய் நில்லுங்கள். 1594-ல் 8-ம் கிளமெந்து பாப்பரசர் அபிஷேகம் செய்த அந்தப் பீடத்துக்குள், 1123-ல் 2-ம் கலிஸ்துஸ் வைத்த பீடம் இருக்கிறது. அதற்குள் அர்ச். பெரிய கிரகோரியாரின் காலத்துப் பீடம். அதன்கீழ் கான்ஸ்தந்தீன் சலவைக்கல்லால் போர்த்திய உறை. அதனுள், நீங்கள் சற்று முன் பார்த்துவிட்டு வந்த அந்தச் சிறு தூண்.